1/35 டைகர் 1: முதலில் எந்த மாதத்து வண்டி என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி இதுதான்: கார், விமான மாடல்கள் செய்து பழகியவர் முதன்முறையாக ஒரு டாங்கி கிட் வாங்கியிருக்கிறார். 1/35 அளவில், இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மனியின் டைகர் 1. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும் அந்தச் சக்கரங்களுக்கு எப்படிப் பெயிண்ட் அடிப்பது, சிம்மரிட் (கவசத்தின்மேல் பூசிய கோடு கோடான பசை) பூச்சு தேவையா, எந்த நிறம் சரி?

மூன்றுக்கும் பதில் இன்னொரு கேள்வியில் இருக்கிறது. நீங்கள் செய்யப்போவது எந்த மாதத்து டைகர்? காஸல் நகரத்து ஹென்ஷெல் ஆலையில் 1942 ஆகஸ்டில் தொடங்கி 1944 ஆகஸ்ட் வரை சுமார் 1,350 வண்டிகள் தயாராயின. அந்த இரண்டு ஆண்டுகளும் ஏதாவது ஒரு பாகம் மாறிக்கொண்டே இருந்தது. கிட் பெட்டியின்மேல் "முற்கால", "இடைக்கால", "பிற்கால" என்று மூன்று பெயர்தான் இருக்கும். பெட்டிக்குள்ளோ பல மாதங்களின் பாகங்கள் கலந்து கிடக்கும். செய்முறைத் தாளும் பல இடங்களில் "அ அல்லது ஆ" என்று உங்களிடமே விட்டுவிடும். கண்காட்சிகளில் நடுவர்கள் முதலில் பிடிப்பது இங்கேதான். மூட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஆப்பிரிக்க டைகரில் சிம்மரிட் இருந்தால் மாடல் அங்கேயே விழுந்துவிடும்.

நினைவில் வைக்க வேண்டிய மாற்றங்கள் இவை. கமாண்டர் தலை நீட்டும் கப்போலா தொடக்கத்தில் உயரமான டிரம்போல, பார்வைப் பிளவுகளோடு இருந்தது. 1943 ஜூலை முதல் பெரிஸ்கோப்புகள் பொருத்திய தாழ்வான வார்ப்பு வகை வந்தது. டரட்டின் (மேலே சுழலும் கோபுரம்) இரு பக்கமும் இருந்த புகைக்குண்டுக் குழாய்கள் 1943 நடுவில் நின்றன. பின்புறம் தொங்கும் ஃபைஃபெல் காற்று வடிகட்டிகளும், எஞ்சின் மூடியின்மேல் ஓடும் அவற்றின் குழாய்களும் அதே ஆண்டு இலையுதிர்காலத்தோடு போயின. முன்விளக்கு இரண்டிலிருந்து ஒன்றாகி, பிறகு முன்தகட்டின் நடுவுக்கு நகர்ந்தது. 1944 பிப்ரவரி வாக்கில் ரப்பர் டயர் சக்கரங்களுக்குப் பதில் ஸ்டீல் விளிம்புச் சக்கரங்கள், கூடவே சிறிய ஐட்லர் (செயினைத் திருப்பிவிடும் கடைசிச் சக்கரம்). அதே ஆண்டில் குறிதொலைநோக்கி இரட்டைக் கண்ணிலிருந்து ஒற்றைக் கண்ணானது; அதனால் மேன்ட்லட்டில் (பீரங்கிக் குழாயின் அடியை மூடும் முன்கவசம்) இருந்த இரண்டு துளைகள் ஒன்றாயின.

இதை வைத்துப் பார்த்தால் களமும் ஆண்டும் தாமாகப் பொருந்தும். துனிசியா, 1942 கடைசி முதல் 1943 மே வரை: டிரம் கப்போலா, ரப்பர் டயர், சிம்மரிட் கிடையாது. ரஷ்யாவின் கூர்ஸ்க், 1943 ஜூலை: டிரம் கப்போலாதான், சிம்மரிட் இன்னும் வரவில்லை. பிரான்ஸின் நார்மண்டி, 1944 ஜூன்: வார்ப்புக் கப்போலா, சிம்மரிட் கட்டாயம், சக்கரம் ரப்பராகவும் இருக்கலாம், ஸ்டீலாகவும் இருக்கலாம். முதல் மாடலுக்கு என் பரிந்துரை முற்கால டைகர். சிம்மரிட் என்ற தலைவலி இல்லை, ஆதாரமும் ஏராளம். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை பிடித்த "131" எண் டைகர் இன்றும் இங்கிலாந்தின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. எந்தக் கோணத்தில் படம் வேண்டுமென்றாலும் கிடைக்கும்.

கிட்டைப் பொறுத்தவரை தமியா நிறுவனத்தின் முற்கால டைகர் 1997இல் வந்தது. இன்றும் பாகங்கள் கத்தி வைக்காமலே உட்காரும். ரை ஃபீல்ட் நிறுவனத்தின் கிட்டில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினின் கண்ணிகள் தனித்தனியாக அசையும். சில பெட்டிகளில் உள்ளறை முழுவதும் உண்டு. அழகுதான். ஆனால் முதல் டாங்கிக்கு அது வேண்டாம். உள்ளறை செய்து மூடிவிட்டால் பாதி தெரியாது. நடுவில் சலித்துப் பெட்டியை மூடிவைப்பவர்களே அதிகம்.

இப்போது அளவுகள். 35ஆல் வகுத்துப் பழகிக்கொள்ளுங்கள், பல சந்தேகம் தானே தீரும். நிஜ வண்டி பீரங்கிக் குழாயோடு சேர்த்து 8.45 மீட்டர் நீளம். மாடலில் 241 மி.மீ. அகலம் 3.7 மீட்டர், அதாவது 106 மி.மீ. போர்ச் செயின் 725 மி.மீ. அகலம், மாடலில் 20.7. ரயிலில் ஏற்றும்போது மாட்டும் குறுகிய செயின் 520 மி.மீ., மாடலில் 15க்குச் சற்றுக் குறைவு. குழாய்வாய் 88 மி.மீ., ஆகவே 2.5 மி.மீ. துளை. உங்கள் கிட்டின் குழாய்வாய் அதைவிடக் குறுகலாக இருந்தால் 2.5 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் சுழற்றி அகலப்படுத்துங்கள். மின் டிரில்லில் போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் இளகி விளிம்பு கோணிவிடும்.

இனி சக்கரம். ரப்பர் டயர் டைகரில் பக்கத்துக்கு எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம்: ஒரு பக்கம் 24, மொத்தம் 48. ஸ்டீல் வகையில் அச்சுக்கு இரண்டு, மொத்தம் 32. எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிக்கலாம் என்று நினைத்தால் உள்வரிசைக்குப் பிரஷும் போகாது, ஏர்பிரஷ் தூவலும் போகாது. வண்டியின் அடிப்பெட்டிப் பக்கச்சுவர் வெறும் பிளாஸ்டிக்காகப் பல்லிளிக்கும். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: அடிப்பெட்டி, சக்கரங்களைத் தாங்கும் சுழல்கைகள், செயினை ஓட்டும் பல்சக்கரத்தின் உறை எல்லாம் ஒட்டி முடித்து, அதற்கு மட்டும் முழுப் பெயிண்ட்டும் புழுதியும் முதலிலேயே. சக்கரங்களைப் பல்குத்தும் குச்சியில் குத்தித் தனியே பெயிண்ட். பிறகு உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு வரிசையாக மாட்டுவது.

சக்கரத்தை பிரேமிலிருந்து (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) நிப்பரால் வெட்டும்போது இரண்டு வெட்டு: முதல் வெட்டு தள்ளி, இரண்டாவது ஒட்டி. ஒரே வெட்டாக விளிம்போடு வெட்டினால் பிளாஸ்டிக் பிய்ந்து டயரில் பள்ளம் விழும். மிச்சத்தை 400, 600 எண் வாட்டர் பேப்பரில் உருட்டித் தேயுங்கள். டயரின் நடுவே ஓடும் வார்ப்பு அச்சின் கோட்டையும் அப்போதே எடுத்துவிடலாம். ஆனால் 48க்கும் செய்ய வேண்டியதில்லை. வெளியே தெரியும் வரிசைகளும் முன்பின் ஓரங்களும் போதும். உள்ளே இருப்பதை நிழல் மறைத்துவிடும்.

டயர் விளிம்புக்கு, முதலில் ரப்பர் நிறத்தை (தமியாவில் எக்ஸ்.எஃப். 85) முழுச் சக்கரத்துக்கும் அடித்து, காய்ந்தபின் வட்டம் வரையும் பிளாஸ்டிக் ஸ்டென்சிலில் பொருத்தமான துளையை நடுத்தட்டின்மேல் வைத்து வண்டி நிறத்தைத் தூவினால் 48 சக்கரமும் ஒரு மாலையில் முடியும். கையால் விளிம்பு வரைபவர்கள் பெயிண்ட்டை நன்றாக நீர்க்கச் செய்து, பிரஷை அசைக்காமல் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். சுத்தக் கறுப்பு வேண்டாம். மண்ணில் ஓடிய ரப்பர் சாம்பலாகத்தான் இருக்கும். ஸ்டீல் வகையில் இந்த வேலையே இல்லை. ரப்பர் உள்ளே மறைந்திருக்கும், செயினில் உரசும் விளிம்பு மட்டும் உலோகமாக மின்னும். சோம்பேறிகளுக்கு அதுவே நல்ல வண்டி.

எட்டுச் சுழல்கைகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒட்டு இறுகும்முன் அடிப்பெட்டியை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, பக்கத்துக்கு ஒரு வெளிச்சக்கரத் தொகுதியை ஒட்டாமல் மாட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் அப்போதே அமுக்கிச் சரிசெய்து ஒருநாள் விடுங்கள். மறுநாள் கண்டுபிடித்தால் உடைத்துத்தான் திருத்த முடியும்.

செயினில் இரண்டு வகை. ஒரே பட்டையாக வரும் மென் செயினை, செய்முறைத் தாள் சொன்னபடி மட்டும் இணையுங்கள். சூடாக்கி இணைக்கும் வகையில் பிளாஸ்டிக் ஒட்டு வேலை செய்யாது. ஒட்டும் வகையைச் சுட்டால் உருகிச் சுருளும். டைகருக்கு மேலே செயினைத் தாங்கும் தனி உருளைகள் கிடையாது. செயின் சக்கரங்களின் தலையிலேயே படுத்து ஓடும். ஆனால் மென்பட்டை கயிறுபோல விறைத்து மிதக்கும். அதை அமுக்க, பக்கவாட்டுத் தளத்துக்கும் செயினுக்கும் இடையே கறுப்பு நுரைத்துண்டைச் செருகிவிடலாம், வெளியிலிருந்து தெரியாது. தனிக்கண்ணிச் செயினில் பக்கத்துக்கு 96 கண்ணி, ஆக 192. தாள் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்பாமல், சக்கரத்தைச் சுற்றி ஒருமுறை ஒட்டாமல் போட்டுப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டுங்கள், குறையுங்கள்.

மென் செயினில் இன்னொரு ஆபத்து உண்டு. சில வகை வினைலில் கலந்திருக்கும் இளக்கி வேதிப்பொருள் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரப் பிளாஸ்டிக்கை ஆண்டுக்கணக்கில் அரித்து உருக்கும். சக்கரத்துக்கும் செயினுக்கும் பிரைமர், பெயிண்ட் இரண்டும் முழுமையாக இருந்தால் அந்த அரிப்பு பெருமளவு தடுக்கப்படும்.

மேற்பகுதிக்கு வருவோம். குழாய் இரண்டு பாதியாக வந்தால், ஒட்டும்போது சிறிது அதிகமாக ஒட்டு விட்டு அமுக்குங்கள். இளகிய பிளாஸ்டிக் கோடுபோலப் பிதுங்கும். இரண்டு நாள் காயவிட்டுத் தேய்த்தால் பட்டியே (இடுக்கு நிரப்பும் பசை) தேவைப்படாது. அவசரப்பட்டு மறுநாள் தேய்த்தால், பின்னால் சுருங்கிப் பெயிண்ட்டுக்கு அடியில் பள்ளமாகத் தெரியும். கடைந்த அலுமினியக் குழாய் வாங்கினால் இந்த வேலை மிச்சம். ஆனால் அதற்கு உலோகப் பிரைமர் வேண்டும், இல்லையென்றால் நகம் பட்டாலே உரியும். மேன்ட்லட் வார்ப்பிரும்பு வேலைப்பாடு அல்ல, வார்ப்பு எஃகு. அதன் முகம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். திரவப் பட்டியைத் தடவி, பழைய கட்டைப் பிரஷால் குத்திக்குத்தி எடுத்து, காய்ந்தபின் லேசாகத் தேய்த்தால் சரியாக வரும். உருட்டுத் தகடுகளான பக்கச்சுவர்களுக்கு இதைச் செய்யாதீர்கள். கிட்டில் வரும் நூல்கயிறு இழுவைக் கம்பியாக நம்பும்படி இருக்காது. பிசிறு பெயிண்ட்டில் விறைத்து நிற்கும். பழைய மின்வயரின் மெல்லிய செம்பு இழைகளை முறுக்கினால் அதைவிட நன்றாக இருக்கும், வளைத்த இடத்தில் நிற்கவும் செய்யும்.

சிம்மரிட். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசிய பசை இது. பேரியம் சல்பேட், மரத்தூள், மஞ்சள் காவி, துத்தநாக சல்பைடு ஆகியவற்றைப் பாலிவினைல் அசிடேட்டில் குழைத்தது. எதிர்த்தரப்பு அந்த ஆயுதத்தைப் பரவலாகப் பயன்படுத்தவேயில்லை. ஜெர்மானியர்கள் தாங்களே அதை வைத்திருந்ததால் வந்த பயம். 1943 செப்டம்பர் வாக்கில் ஆலைகளில் பூசத் தொடங்கி, 1944 செப்டம்பரில் நிறுத்தினார்கள். அதற்குள் டைகர் 1 உற்பத்தியே முடிந்துவிட்டது. ஆக 1943 இலையுதிர்காலத்துக்குப் பிந்தைய டைகர் 1 என்றால் பூச்சோடுதான்.

நிஜப் பூச்சு சில மி.மீ. கனம்தான்; 5 மி.மீ. என்று வைத்தாலும் மாடலில் 0.14 வரும். கடையில் விற்கும் ஒட்டுத்தாள் சிம்மரிட் சுலபம், முகடும் சீராக வரும். நான் இரண்டு பகுதி எபாக்சி பட்டியையே விரும்புவேன்; கை பட்ட ஒழுங்கின்மை அதில்தான் கிடைக்கும். பிளாஸ்டிக்கை 240 எண் தாளால் கீறிவிடுங்கள், இல்லையென்றால் காய்ந்தபின் பட்டி தகடாகக் கழன்று வரும். கருவிகள் பொருத்தும் துளைகளை டேப்பால் மூடுங்கள். பட்டியைக் கைக்கு ஒட்டாத பதத்தில், விரலை நீரில் நனைத்து, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நிழலாகத் தெரியும் அளவுக்கு மெலிதாக இழுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து, நனைத்த ரம்பத் துண்டின் பற்களைக் கிடைமட்டக் கோடுகளாக, வரிசை வரிசையாக அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு நேரத்தில் ஒரு தகடு. இரண்டு தகட்டை ஒன்றாகத் தொடங்கினால் இரண்டாவது இறுகிவிடும். முன்பக்கம், பின்பக்கம், மேல் பக்கச்சுவர், டரட் சுற்று, மேன்ட்லட் ஆகியவற்றுக்குப் பூச்சு உண்டு. கூரைக்குக் கிடையாது. ஓரங்களிலும் உரசும் இடங்களிலும் காயுமுன்பே கத்திமுனையால் துண்டு பெயர்த்துவிடுங்கள். அடியில் காவிச்சிவப்பு பிரைமர் தெரியும்படி பிறகு தொட்டுவிடலாம்.

நிறம். 1943 பிப்ரவரி வரை ஆலையிலிருந்து அடர்சாம்பல், ஆர்.ஏ.எல். (ஜெர்மன் நிற எண்) 7021, அதன்பின் மங்கிய மஞ்சள், 7028. துனிசியாவுக்குப் போனவை பாலைவனப் பழுப்பு வகை. மஞ்சளோடு ஆலிவ் பச்சை 6003, செம்பழுப்பு 8017 பசைகளை டப்பாவில் கொடுப்பார்கள். படைக்காரர்களே பெட்ரோலிலோ நீரிலோ கரைத்து, கிடைத்த பெயிண்ட் தூவும் துப்பாக்கியாலோ துடைப்பம்போன்ற பிரஷாலோ மறைவுக் கோடுகளாக அடிப்பார்கள். ஒரே கம்பெனியில் இரண்டு வண்டி ஒன்றுபோல் இராததற்கு இதுதான் காரணம். உங்கள் கோலம் படத்தோடு நூலளவு பொருந்தவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

தமியாவின் எக்ஸ்.எஃப். 60 மஞ்சளை அப்படியே அடித்தால் சிறிய மாடலில் கருத்துத் தெரியும். பத்துத் துளிக்கு இரண்டு மூன்று துளி வெள்ளை சேருங்கள். பெயிண்ட்டும் தின்னரும் ஒன்றுக்கு ஒன்று, ஏர்பிரஷில் 0.3 மி.மீ. முனை, காற்றழுத்தம் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. கோடுகளுக்குத் தின்னரை மூன்றில் இரண்டு பங்காக்கி, அழுத்தத்தை 10 பக்கம் இறக்கி, இரண்டு மூன்று செ.மீ. தூரத்தில் வேலை செய்யுங்கள். கோட்டின் ஓரம் எவ்வளவு மங்கலாம்? நிஜத்தில் 5 செ.மீ. தூவல் என்றால் மாடலில் 1.4 மி.மீ. பலருடைய கோடுகள் அரை செ.மீ. பஞ்சாகப் பரவுவதற்குக் காரணம் அழுத்தம் கூடுதல், தூரம் அதிகம். ஏர்பிரஷ் இல்லையா? தமியாவின் டி.எஸ். 3 தூவல் டப்பாவால் மஞ்சள் அடித்து, கோடுகளை நீர்க்கப் பிரஷில் போடுங்கள். நிஜத்திலும் பலர் அப்படித்தான் செய்தார்கள். பிரஷுக்கு மட்டும் தமியா எக்ஸ்.எஃப். வேண்டாம், கீழ் அடுக்கைக் கரைத்துக்கொண்டு வரும்; வயெஹோ போன்ற நீர்ம அக்ரிலிக் நல்லது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் லாக்கர் பெயிண்ட் காயும்போது ஈரத்தை இழுத்து வெளுத்துப் பனித்துவிடும்; நல்ல வெயில் நாளின் நண்பகல் அல்லது ஏ.சி. அறை பாருங்கள்.

எண் ஒட்டுப்படத்துக்கு அடியில் பளபள வார்னிஷ் இல்லையென்றால் மேட் பெயிண்ட்டின் நுண்குழிகளில் காற்று சிக்கி, ஓரத்தில் வெள்ளி மின்னும். சிம்மரிட்டின்மேல் ஒட்டுப்படத்தை மென்மையாக்கும் திரவத்தை இரண்டு மூன்று முறை விட்டுக் காயவிட வேண்டும். மூன்று இலக்க எண்ணின் கணக்கு எளிது: 131 என்றால் முதல் கம்பெனி, மூன்றாம் பிளட்டூன், முதல் வண்டி.

எண்ணெய் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் (பெட்ரோலியத் தின்னர்) கரைத்து இடுக்குகளில் விடும் வாஷில் ஒரு பொறி இருக்கிறது. இறுக்கமாகச் செருகிய அச்சு, சுழல்கை போன்ற விசை தாங்கும் பாகங்களின் மூட்டில் அந்தத் தின்னர் தேங்கினால் பிளாஸ்டிக் விரிந்து முறியும். சில நேரம் மறுநாள் காலை சக்கரம் தானாகக் கழன்று கிடக்கும். அங்கே நீர்ம அக்ரிலிக் வாஷ் பயன்படுத்துங்கள், அல்லது குறைவாகத் தொட்டு உடனே பஞ்சால் உறிஞ்சுங்கள்.

துருவையும் உரிசலையும் அளவோடு வையுங்கள். மாடலில் 1 மி.மீ. உரிசல் நிஜத்தில் 3.5 செ.மீ. பல டைகர்கள் சில மாதங்களே களத்தில் இருந்தன. துரு பிடிக்க நேரமே இல்லை. விதிவிலக்கு, சூட்டில் பெயிண்ட் எரிந்துபோகும் பின்பக்கப் புகைக்குழாய் இரண்டும் அவற்றின் தகட்டு உறைகளும். செயினுக்கு ஆரஞ்சுத் துரு வேண்டாம். கரும்பழுப்பு அடித்து, தரையில் படும் முகடுகளிலும் சக்கரம் உரசும் உள்முகத்திலும் மென்பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்தால் போதும். சேற்றை வெளிப்பக்கம் மட்டும் அப்பாதீர்கள். நிஜத்தில் அது சக்கரங்களுக்கு இடையே அடைத்துக்கொண்டு, ரஷ்யக் குளிரில் இரவோடு இரவாக உறைந்து வண்டியையே நிறுத்திவிடும். ஆகவே வண்ணப்பொடியும் பாரிஸ் சாந்தும் கலந்த சேற்றை, செயின் மாட்டுமுன் உள்வரிசையில் அடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் படியவையுங்கள்.

மேட் வார்னிஷ் அடித்து முடித்தபிறகே கிராஃபைட் வேலை. முன்னால் செய்தால் பளபளப்பு போய்விடும். ஆன்டெனா எல்லாவற்றுக்கும் கடைசி. இரண்டு மீட்டர்க் கம்பி, ஆக 57 மி.மீ.; பிரேம் துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்த இழையை வெட்டி, அடியில் ஒரு புள்ளி சயனோ ஒட்டு (சூப்பர் குளூ) வைத்து நிறுத்துங்கள்.